மீனம்பாளுக்குக் கிடைத்த பதினொன்றாம் தேதி

செஞ்சி காந்தி பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஆடிட்டர் ராஜாங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. மீனம்பாள் அங்கே இருபத்து நான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். எழுதுகிறாள் என்பது பழைய வழக்கம். உண்மையில் கம்ப்யூட்டரில் பில்களைப் பார்த்துப் பார்த்து அடிக்கிற வேலை. காலையில் தளவானூரில் பஸ் ஏறினால் ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் இருப்பாள். அறுபத்து மூன்று கடைகளின் பில்கள் அவள் விரல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

எந்தக் கடையில் என்ன சரக்கு இறங்கியது என்பது அந்தக் கடைக்காரரின் மனைவிக்குத் தெரிவதற்கு முன் மீனம்பாளுக்குத் தெரிந்துவிடும். அரிசி ஆலைக்காரர் சாக்கு வாங்கிக் குவித்தால் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் வரத்து பலமாக இருக்கிறது என்று அர்த்தம். ஜவுளிக்கடைக்குப் பள்ளிச் சீருடைத் துணி வந்தால் மே மாதம் பாதி போய்விட்டது. இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் நினைத்து நினைத்துச் சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது. கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலி ஆடி, பக்கத்தில் இருப்பவரும் காரணம் தெரியாமல் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் ஓயும். ஐம்பது வயதை நெருங்கும் பெண் இப்படிச் சிரிக்கலாமா என்று ராஜாங்கம் ஒரு முறை கேட்டார். அதற்கும் சிரித்தாள்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. திண்டிவனத்தில் டாக்டரைப் பார்த்தாள். அவர் கையை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்துவிட்டு ஒரு பட்டை போட்டுவிட்டார்.

"ஆறு வாரம் டைப் அடிக்கக் கூடாதும்மா."

"எழுதலாமா டாக்டர்?"

"எழுதவும் கூடாது."

"மாவு பிசையலாமா?"

"அதுவும் கூடாது. வீட்ல இருக்கிறவரு பிசையட்டும்."

வீட்டில் இருக்கிறவர் அரிகிருஷ்ணன். இரண்டு ஏக்கரில் மணிலாக் கடலை போடுகிற மனிதர். மாவு பிசையத் தெரியாது, ரசம் வைக்கத் தெரியும். நாற்பத்திரண்டு நாளும் ரசம் வைத்தார். மீனம்பாள் ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

அலுவலகத்தில் அவளுடைய வேலை முழுவதும் ஜெஸிமாவின் தலையில் விழுந்தது. ஜெஸிமா சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. வேகமான கை, ஆனால் இரண்டு பேர் வேலையை ஒருத்தி எத்தனை நாள் இழுப்பாள்? மீனம்பாளுக்கு ராஜாங்கம் போன் வேலை கொடுத்தார். கடைகளைக் கூப்பிட்டு, "பில்லு அனுப்பிச்சிடுங்க, நாள் போயிக்கினே இருக்குது" என்று ஞாபகப்படுத்துவது. அது பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். பிறகு சும்மா உட்கார்ந்து ஜெஸிமாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருபத்து நான்கு வருடத்தில் அந்த வேலையை வெளியில் இருந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் ஹார்டுவேர் கடை அன்வர் பாஷா ஒரு பை நிறைய பில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். எல்லாம் அவர் கடைக் கம்ப்யூட்டரில் அச்சடித்தவை. ஜெஸிமா ஒவ்வொன்றாக எடுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தாள். மீனம்பாள் அந்தக் குவியலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி குவியலைப் பார்த்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் அது அவளுக்கு முழுதாக உறைத்தது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கைக் காகிதமாக்கி, பையில் போட்டு, மாடிப்படி ஏற்றி, மறுபடி இன்னொரு கம்ப்யூட்டருக்குள் விரலால் ஒவ்வொன்றாகத் திணிக்கிறோம். இதற்காக இருபத்து நான்கு வருடம், ஒரு மணிக்கட்டு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, நல்லாதானே இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்பா. இத்தினி நாளா நல்லா இல்லன்னு இப்பதான் தெரிஞ்சுது."

அன்று முதல் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ பார்த்தாள். பில்லைப் போனில் படம் எடுத்தால், அதில் இருக்கும் தேதி, பெயர், தொகை, வரி எல்லாவற்றையும் தானே படித்துக் கணக்குக்குள் ஏற்றுகிற சாஃப்ட்வேர்கள் இருப்பது தெரிந்தது. பாங்க் ஸ்டேட்மெண்டைக் கொடுத்தால் வரிசை வரிசையாகப் பிரித்துவைக்குமாம். ஒன்றைப் பதினைந்து நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. ராஜாங்கத்திடம் போய் நின்றாள்.

"பதினஞ்சு நாளைக்கு அப்புறம்?" என்று கேட்டார் அவர்.

"அப்புறம் துட்டு கேப்பான் சார்."

"அதானே பாத்தேன்."

"மொதல்ல பதினஞ்சு நாள் பாப்போம் சார். எனக்கும் கை சும்மாதானே இருக்குது."

ராஜாங்கம் மோசமான மனிதர் இல்லை. புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் அதன் விலையைத்தான் கேட்பார், அவ்வளவுதான். சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மீனம்பாள் மவுஸை இடது பக்கம் வைத்துக்கொண்டாள். இடது கை சொன்னபடி கேட்கவில்லை, அம்புக்குறி திரையில் ஆட்டுக்குட்டி போல எங்கெங்கோ ஓடியது. எப்படியோ அரிசி ஆலையின் ஒரு மாத பாங்க் ஸ்டேட்மெண்டை உள்ளே கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். இரண்டு நாள் வேலை. ஒரு வட்டம் சுற்றியது. மூன்று நிமிடம் சுற்றிவிட்டு நின்றது. நானூற்றுப் பன்னிரண்டும் திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மீனம்பாள் எழுந்தாள். மேஜையை ஒரு சுற்று சுற்றிவந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து இன்னொரு சுற்று வந்தாள்.

"அக்கா, இன்னா கோயில் சுத்துறீங்க?" என்றாள் ஜெஸிமா.

"நீயும் வந்து பாரு. பாத்துட்டு நீயும் சுத்து."

ஜெஸிமா வந்து பார்த்தாள். அவள் சுற்றவில்லை. நீண்ட நேரம் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "இதே எல்லாத்தையும் ஏத்திடுச்சின்னா சார் என்னை இன்னாத்துக்குக்கா வச்சிருப்பாரு?"

மீனம்பாளின் குதூகலம் அப்படியே நின்றது. இதை அவள் யோசித்திருக்கவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்லவும் வரவில்லை. "என்னை மட்டும் இன்னாத்துக்கு வச்சிருப்பாரு? போனா ரெண்டு பேரும் சேர்ந்து போவலாம்," என்றாள். ஜெஸிமாவின் முகம் தெளியவில்லை. அன்று டீ குடிக்கும்போதும் அவள் அந்தத் திரையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அன்வர் பாஷாவின் அடுத்த பில் மூட்டையைச் சாஃப்ட்வேருக்குக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டது. ராஜாங்கம் மொத்தத்தைப் பார்ப்பதற்காக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"மீனம்பாள், இந்த மாசம் பாய் எவ்ளோ வித்திருக்காரு?"

"எப்பவும் போல பதினாலு, பதினஞ்சு லட்சம் இருக்கும் சார்."

"தொள்ளாயிரத்து எண்பத்து நாலு கோடி போட்டிருக்குதே."

அன்வர் பாஷா கட்ட வேண்டிய வரி நூற்று எழுபத்தேழு கோடி என்று பக்கத்திலேயே பணிவாகக் காட்டியது சாஃப்ட்வேர். ராஜாங்கம் போனை எடுத்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "பாய், வியாபாரம் எப்படிப் போவுது?" என்று ஆரம்பித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"சார், என்னாண்ட அவ்ளோ துட்டு இருந்தா நான் எதுக்கு சார் இங்க குந்திக்கினு ஆணி எடை போடுறேன்?" என்றார் அன்வர் பாஷா. "இருந்தாலும் ஒரு நிமிஷம் நல்லாதான் இருந்துது. அந்தப் பேப்பரை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. ஊட்ல காட்டணும்."

மீனம்பாள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிப்பில் பட்டை போட்ட கையும் சேர்ந்து குலுங்கியது. ராஜாங்கம்கூட நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஜெஸிமா மட்டும் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தோ பாருங்க சார். இரண்டாயிரத்து முந்நூறு ரூபா ஆணி பில்லு. மொத்தத்துக்குக் கீழேயே கடை போன் நம்பரை அச்சடிச்சிருக்காங்க. இந்த ஒண்ணுல மட்டும் அது போன் நம்பரைத் தொகைன்னு படிச்சிடுச்சு."

அப்படித்தான். பத்து இலக்கம், அப்படியே கோடியாகிவிட்டது. வழக்கமான தொகையைவிடப் பெரிதாக எது வந்தாலும், ஆள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஏற வேண்டும் என்று அந்தச் சாஃப்ட்வேரிலேயே சொல்லிவைக்க முடியும் என்பதை மீனம்பாள் அன்று சாயங்காலமே பஸ்ஸில் கண்டுபிடித்தாள். மறுநாள் ராஜாங்கம் ஜெஸிமாவைக் கூப்பிட்டார்.

"மெஷினு படிக்கட்டும். படிச்சது சரியான்னு நீ பாரு. நீ பாத்துக் கையெழுத்துப் போடாம ஒரு கணக்கும் இங்கேருந்து வெளிய போவக் கூடாது."

"டைப்பிங் வேணாமா சார்?"

"எதுக்கு? உனக்கும் கை வீங்கணுமா?"

பதினைந்து நாள் முடிந்தபோது அவர் விலை கேட்டார். மீனம்பாள் சொன்னாள். முகத்தைச் சுளித்தார், பிறகு கட்டிவிட்டார்.

மாதா மாதம் பதினொன்றாம் தேதி என்றால் அந்த அலுவலகத்தில் சோறு இறங்காது. விற்பனைக் கணக்கை அரசாங்கத்துக்கு அனுப்ப அதுதான் கடைசி நாள். நாடு முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் வலைத்தளம் இழுத்துக்கொண்டே நிற்கும். மீனம்பாள் கடைசி பஸ்ஸைத்தான் பிடிப்பாள்.

செப்டம்பர் பதினொன்று வந்தது. காலையிலேயே ஜெஸிமா கடைசி மூன்று கடைகளைச் சரிபார்த்துக் கொடுத்தாள். ராஜாங்கம் ஒவ்வொன்றாக அனுப்பி முடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்து?"

"அவ்ளோதான் சார்," என்றாள் மீனம்பாள்.

"அவ்ளோதான்னா?"

"அறுபத்து மூணும் போயிடுச்சு."

மணி பன்னிரண்டரை. ராஜாங்கம் நம்பாமல் பட்டியலை முதலில் இருந்து எண்ணினார். பிறகு கீழிருந்து மேலாக எண்ணினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஜாரில் யாரோ வாழைப்பழம் விலை பேசுவது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. பதினொன்றாம் தேதியில் அந்த ஜன்னல் வழியாக எதுவும் கேட்டதாக மீனம்பாளுக்கு நினைவில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள். "இந்த ஊருக்கு இத்தினி வருஷமா வந்துக்கினு போயிக்கினு இருக்கேன். ஒரு தடவைகூட ராஜகிரிக் கோட்டை மேல ஏறினது இல்ல."

"நான் அஞ்சாங் கிளாஸ்ல ஏறினது," என்றார் ராஜாங்கம்.

"நான் மூணு தடவை போயிருக்கேன்," என்றாள் ஜெஸிமா. "மூணு மணிக்கு மேல ஏற விட மாட்டாங்க. போறதுன்னா இப்பவே போவணும்."

பத்து நிமிடத்தில் டப்பாவில் இருந்ததைச் சாப்பிட்டு, கதவைப் பூட்டிவிட்டு ஆட்டோ ஏறினார்கள். ராஜாங்கம் லேப்டாப் பையை விட்டுவர மறுத்துவிட்டார். அதை விட்டுவிட்டு அவர் கல்யாணத்துக்கே போவதில்லை.

வானம் மூடியிருந்தது, வெயில் இல்லை. மழை வரலாம் என்று ராஜாங்கம் குடையும் எடுத்து வந்திருந்தார். ஜெஸிமா முன்னால் போனாள். மீனம்பாள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு படி படியாக ஏறினாள். முதல் நூறு படியில் பேச்சு நின்றது. அடுத்த நூறில் முழங்கால் பேச ஆரம்பித்தது. பாதி வழியில் ஒரு மண்டபத்து நிழலில் ராஜாங்கம் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க. நான் இங்கேருந்தே செஞ்சியைப் பாத்துக்கிறேன்."

இருவரும் மேலே போனார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. மீனம்பாள் ஜெஸிமாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் கடந்தாள். அந்தப் பக்கம் போய், பயத்தில் சிரிக்கிறாளா சந்தோஷத்தில் சிரிக்கிறாளா என்று தெரியாமல் சிரித்தாள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. காந்தி பஜார் ஒரு விரல் நீளம்தான் இருந்தது. அவள் அறுபத்து மூன்று கடைகளையும் அதற்குள் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

மேல்மலையனூரில் பூஜை சாமான் மொத்த வியாபாரம் செய்யும் வள்ளியம்மாள். அன்று அமாவாசை. அங்காளம்மன் கோயில் கூட்டமும் பம்பை மேளச் சத்தமும் போனைப் பிய்த்துக்கொண்டு வந்தன.

"மீனாம்மா, நம்ம கணக்கு போயிடுச்சா?"

மீனம்பாளுக்கு மலை ஒரு சுற்று சுற்றியது. வள்ளியம்மாள் போன வாரம்தான் புதிதாக வந்து சேர்ந்தவள். பட்டியலில் பெயர் ஏறவே இல்லை. அறுபத்து நான்காவது கடை.

"எத்தினி பில்லுக்கா இருக்குது?"

"பத்தொம்போது இருக்கும். அமாவாசை வியாபாரத்துல மறந்தே போயிட்டேன்."

"ஒவ்வொண்ணா போன்ல படம் எடுங்க. நான் ஒரு நம்பர் அனுப்புறேன், அந்த நம்பருக்கு அனுப்புங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அந்த எண் சாஃப்ட்வேருடையது. அதற்கு அனுப்பினால் நேரே கணக்குக்குள் போய்விடும். பாறை மேல் உட்கார்ந்து மீனம்பாள் போனில் சாஃப்ட்வேரைத் திறந்துவைத்தாள். பில்கள் ஒவ்வொன்றாக மலையேறி வந்தன. பதினேழைச் சாஃப்ட்வேர் படித்துவிட்டது. இரண்டில் தொகையின் மேலேயே வள்ளியம்மாளின் குங்கும விரல் பதிந்திருந்தது. ஜெஸிமா அவளைப் போனில் கூப்பிட்டு அந்த இரண்டையும் கேட்டு, பத்தொன்பதையும் ஒரு முறை சரிபார்த்து, தலையசைத்தாள். மீனம்பாள் ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள்.

"சார், லேப்டாப்பைத் திறங்க. ஒரு கடை பாக்கி."

"எங்க திறக்கிறது? இங்க ஒரு குரங்கு என்னையே பாத்துக்கினு இருக்குது."

"அதையும் பாத்துக்கினு கணக்கையும் ஏத்துங்க சார்."

ராஜாங்கம் ஒரு கையால் குடையை ஆட்டிக்கொண்டு, மறு கையால் ஏற்றினார். வலைத்தளம் அதை வாங்கிக்கொள்ளக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். இனி வள்ளியம்மாளின் போனுக்கு வரும் ஆறு இலக்க ஓ.டி.பி. வேண்டும். அவள் வாய்விட்டுச் சொன்னாள். பம்பை நடுவில் புகுந்து எட்டா ஏழா என்று தெரியாமல் செய்தது. நேரம் முடிந்து அது செல்லாமல் போயிற்று. இரண்டாவது முறை வந்ததும் வள்ளியம்மாள் சத்தம் போட்டு அலுத்துப்போய், ஊதுபத்தி அட்டையைக் கிழித்து, அதில் பெரிதாக எழுதி, படம் எடுத்து, பழக்கத்தில் பில் அனுப்பிய எண்ணுக்கே அனுப்பிவிட்டாள்.

மீனம்பாளின் போனில் சாஃப்ட்வேர் புதிதாக ஒரு செய்தி காட்டியது. இருபதாவது பில் வந்துள்ளது, தொகை நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு ரூபாய், வழக்கத்தைவிடப் பெரிது, சரிபார்க்கவும்.

ஜெஸிமா எட்டிப்பார்த்தாள். "அக்கா, அது பில்லு இல்ல. அதான் ஓ.டி.பி."

மீனம்பாளால் பேச முடியவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெஸிமாதான் போனை வாங்கி, "சார், நாலு, ஒண்ணு, ஏழு, ஒம்போது, சைபர், ரெண்டு," என்று சொன்னாள். கீழே ராஜாங்கம் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய குரல் வந்தது.

"போயிடுச்சு. குரங்கு என் தண்ணி பாட்டிலை எடுத்துக்கிச்சு. போவட்டும். கணக்கு போயிடுச்சு."

காவலாளி விசில் அடித்து இறங்கச் சொல்லும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் சிரிப்பாக இருந்தது. கீழே மண்டபத்தில் ராஜாங்கத்தைப் பார்த்தபோது, அவர் இன்னும் குடையை விரித்தபடியே நின்றிருந்ததால், மறுபடி முதலில் இருந்து சிரித்தார்கள். அவரும் சேர்ந்துகொண்டார்.

மேல்மலையனூரில் வள்ளியம்மாள் இதைக் கடை கடையாகச் சொல்லிவிட்டாள். மலை மேல் உட்கார்ந்தே கணக்கு முடிக்கிற அம்மா என்று பேர் பரவி, ஒரே மாதத்தில் இருபத்தோரு கடைகள் புதிதாக வந்தன. அவர்களுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க ஜெஸிமா வாரம் ஒரு நாள் அங்கே போய்வந்தாள். போன் நம்பரைத் தொகைக்குக் கீழே அச்சடிக்காதீர்கள் என்பது அவளுடைய முதல் பாடம். இரண்டு பேருக்கும் ராஜாங்கம் சம்பளம் கூட்டினார். விலை கேட்காமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று மீனம்பாள் சொல்வாள்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி எண்பத்தைந்து கடைகளையும் பதினொன்றரைக்கே அனுப்பிவிட்டார்கள். பெயர்களை ஜெஸிமா இரண்டு முறை எண்ணியிருந்தாள். மீனம்பாள் பகல் பஸ்ஸைப் பிடித்துத் தளவானூரில் இறங்கி, நேராக நிலத்துக்கு நடந்தாள். வரப்பில் அவள் வருவதைப் பார்த்த அரிகிருஷ்ணனுக்குக் கையில் இருந்த களைக்கொத்து கீழே விழுந்தது.

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. வேலை முடிஞ்சிடுச்சு."

"இன்னிக்கிப் பதினொண்ணுதானே?"

"ஆமா."

"மணி ஒண்ணுகூட ஆவலயே?"

"ஆமா."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பட்டப்பகலில் வேலை நாளில் வீட்டுக்கு வந்து நிற்கும் மனைவியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப வா," என்றார், "அந்தக் கடைசி ரெண்டு பாத்தியில களை எடுத்துடலாம்."

மீனம்பாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து முதலில் பயந்த அரிகிருஷ்ணன், அது சிரிப்பு என்று தெரிந்ததும், காரணம் தெரியாமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.